மேட்டுப்பாளையம் பட்டறையில் ஒரு சிதார்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். வழக்கம்போல வரலாற்றுப் பாடம்தான். ஆனால் கடைசியில் நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கடைசி பெஞ்சுக்காரர்களும் அதுவரை விழித்திருக்க வேண்டும்.

போன வாரம் மேட்டுப்பாளையம் போயிருந்தேன். வெளியூர் உறவுகளுக்கு ஒரு விளக்கம்: ஊட்டி ரயில் ஏறுகிற மேட்டுப்பாளையம் இல்லை, நம்ம புதுச்சேரி மேட்டுப்பாளையம். லாரிகள் வரிசையாக நிற்கும் முனையமும், தொழிற்பேட்டையும், டயர்க் கடைகளும் உள்ள பகுதி. அங்கே என் பழைய மாணவன் ஒருவன் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் வகுப்புத் தோழர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள்; கண்டுபிடித்தாலும் கீழே எழுதிவிடாதீர்கள்.

"சார், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வாங்க, வெல்டிங் சத்தம் இருக்காது. பொண்ணு வாசிக்கிறா, நீங்க ஒருமுறை கேக்கணும்" என்று போனில் கூப்பிட்டிருந்தான். போனேன். பட்டறையின் ஒரு மூலையில் தார்ப்பாயை விரித்து நான்கு பிள்ளைகள். ஒரு பையன் கிதார், ஒருவன் பேஸ் கிதார், ஒருவன் டிரம்ஸ். நடுவில் இவன் மகள், மடியில் சிதார். ஜூன் மாதம் 21ஆம் தேதியை ஒட்டி நம்ம ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் இசைத் திருநாள் கொண்டாடுவார்களே, அதில் வாசிக்கப் பழகுகிறார்களாம். பிரான்சில் 1982இல் அப்போதைய கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் தொடங்கி வைத்த விழா அது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம் என்பதுதான் அதன் எண்ணம்.

அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'பெயின்ட் இட் பிளாக்'. 1966இல் வந்தது. அவர்களைவிட அந்தப் பாட்டுக்கு நாற்பது வயதுக்கு மேல் கூடுதல்.

வாசித்து முடித்தார்கள். பக்கத்துப் பட்டறைப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சரஸ்வதி கையில இருக்கிற மாதிரி வாத்தியம். அதை வெச்சிகிட்டு வெள்ளைக்காரன் கூத்தா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சார், நீங்க ஹிஸ்டரி வாத்தியாராச்சே. நீங்களே சொல்லுங்க. இது யாரோட பாட்டு? நாங்க செய்யறது தப்பா?"

அவள் அப்பா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாட்டின் கதை. 1965இல் லண்டனில் சிதார் ஒரு புது மோகமாகத் தொடங்கியது. யார்ட்பேர்ட்ஸ் என்ற குழு ஒரு பாட்டுக்காக இந்தியக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டுச் சிதார் வாசிக்க வைத்துப் பதிவும் செய்தது. ஒலி மெலிதாக இருக்கிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, அதே சுரங்களை ஜெஃப் பெக் மின் கிதாரில் வாசித்ததையே வெளியிட்டார்கள். அந்தச் சிதார்க்காரருக்குச் சம்பளம் கிடைத்தது. இசைத்தட்டில் இடம் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் பீட்டில்ஸ் குழு தங்கள் 'ஹெல்ப்' படத்துக்காக ஓர் இந்திய உணவகக் காட்சியில் நடித்தது. அங்கே பின்னணியில் வாசித்துக்கொண்டிருந்தவர்களின் சிதாரை ஜார்ஜ் ஹாரிசன் எடுத்துப் பார்த்தார். பிறகு லண்டன் கடை ஒன்றில் தானே ஒரு சிதார் வாங்கினார். டிசம்பர் 1965இல் வந்த 'நார்வீஜியன் வுட்' பாட்டில் அதைத்தான் வாசித்தார். முறையாக ஒரு நாள்கூடப் பயிலாமல், கிதார் பிடிக்கிற பழக்கத்தில் வாசித்தது. ஐந்து மாதம் கழித்து ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் வாசித்த சிதாரோடு 'பெயின்ட் இட் பிளாக்' வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம்.

ஆக, இந்தப் பாட்டில் சிதார் பிறப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகள் புதிதாக எதையும் நுழைக்கவில்லை. வெளியூர் போன வாத்தியம், போன இடத்திலேயே கற்றுக்கொண்ட பாட்டோடு ஊர் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஊர் திரும்பியிருக்கிறது" என்று எழுதிவிட்டேன். அது எந்த ஊர்? பக்கத்துப் பட்டறைப் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். சரஸ்வதி கையில் இருப்பது வீணை. சிதார் நமக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை. 'சே' என்றால் பாரசீகத்தில் மூன்று, 'தார்' என்றால் கம்பி. மூன்று கம்பி வாத்தியம் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு டெல்லியில் உருவெடுத்து, பிறகு கம்பி மேல் கம்பி சேர்ந்து வளர்ந்தது. நம் தஞ்சாவூர் வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்து அசையாமல் இருக்கும். சிதாரில் வளைந்த மெட்டுகளை நூலால் கட்டியிருப்பார்கள். ராகத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்த்தலாம். மெட்டுகளுக்கு அடியில் பத்துப் பதின்மூன்று மெல்லிய கம்பிகள் ஓடும். அவற்றை யாரும் மீட்ட வேண்டியதில்லை. மேல் கம்பியில் ஒரு சுரம் எழும்போது, அதே சுரத்தில் கட்டிய கீழ்க்கம்பி தானாக அதிரும். இயற்பியல் ஆசிரியர் ஒத்ததிர்வு என்று நடத்தியிருப்பாரே, அதுதான். சிதாரின் அந்த ரீங்காரம் முழுக்க அங்கிருந்து வருகிறது.

இவள் மடியில் இருந்த சிதார் மகாராஷ்டிரத்தின் மிரஜ் ஊரில் செய்தது. தலைமுறைகளாகச் சிதாரும் தம்பூராவும் செய்கிறவர்கள் வாழும் ஊர். 2024இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அது மேட்டுப்பாளையத்துக்கு வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. அப்பாவிடம் வண்டி ரிப்பேருக்கு விடுகிற லாரி டிரைவர் ஒருவர், அந்தப் பக்கம் லோடு போனபோது வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கும் பலகையில் கம்பளி சுற்றி வைத்துக் கொண்டுவந்தாராம். அந்தப் பயணம் முழுக்க அவர் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார்.

இப்போது ஒரு நுட்பமான விஷயம். நான் சங்கீதம் படித்தவன் இல்லை; அந்தப் பெண் விளக்கியதைச் சொல்கிறேன். நம் இசையில் ஆதார ஸட்ஜம் ஒன்றுதான். கச்சேரி முழுக்கத் தம்பூரா அதையே பிடித்துக்கொண்டிருக்கும். ராக் பாட்டில் கிதார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 'கார்ட்' மாற்றிக்கொண்டே போகும். கிதார் மாறும்போது சிதாரின் கீழ்க்கம்பிகள் பழைய சுரத்திலேயே ரீங்கரித்துக்கொண்டிருந்தால் காதில் மோதும். அதனால் எல்லாப் பாட்டுக்கும் சிதார் ஒத்துவராது. அடிக்கடி திசை மாறாமல் ஒரே தளத்தில் சுற்றிவரும் பாட்டுதான் ஒத்துவரும். 'பெயின்ட் இட் பிளாக்' அப்படிப்பட்டது. என் அரைகுறைக் காதுக்கு அதன் தொடக்க மெட்டில் கீரவாணியின் சாயல் கேட்கிறது. கீரவாணி நம்ம தெற்கத்திய மேளகர்த்தா, 21ஆவது. கீரவாணி, சாருகேசி போன்ற ராகங்களை இங்கிருந்து எடுத்து வடக்கே சிதாரில் பரவலாக வாசித்தவர்களில் பண்டிட் ரவிசங்கர் முக்கியமானவர். யார் யாரிடம் எதை வாங்கினார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் நோட்டு போதாது!

இன்னொரு சிக்கலும் இருந்தது. சிதாரை ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மேல் முறுக்கினால் கம்பி அறும். பாட்டின் அசல் சுருதி அதற்கு மேலே இருந்தது. கிதார்ப் பையன்கள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கம்பிகளைத் தளர்த்திச் சிதாரின் ஸட்ஜத்துக்கு இறங்கி வந்தார்கள். டிரம்ஸ் பையன் சிதார் ஒலி அமுங்காமல் இருக்கத் தன் டிரம் மேல் பழைய துண்டைப் போட்டு வாசித்தான். அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. கூத்தடிக்க வந்தவர்கள் இப்படி ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மீதிப் பதில் வரலாற்றில் இருக்கிறது. ஹாரிசனுக்கே வருவோம். 1966 ஜூனில் லண்டனில் ரவிசங்கரைச் சந்தித்தார். செப்டம்பரில் இந்தியா வந்து ஆறு வாரம் தங்கிப் பாடம் கேட்டார். எப்படி உட்கார்வது என்பதிலிருந்து ஆரம்பம். உலகமே கொண்டாடிய ஆள், அரிச்சுவடி வகுப்பில் கால் வலிக்க உட்கார்ந்தார். இரண்டு ஆண்டுக்குப் பிறகு, தன்னால் பெரிய சிதார்க் கலைஞன் ஆக முடியாது என்று தெரிந்துகொண்டு கிதாருக்கே திரும்பினார். அதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஒன்றைக் கற்கப் போனவனுக்குத்தான் அதன் ஆழம் தெரியும். அவருக்கும் ரவிசங்கருக்கும் இடையிலான பாசம் 2001இல் ஹாரிசன் இறக்கும்வரை நீடித்தது.

ரவிசங்கருக்கு இந்த மோகம் முழுக்க மகிழ்ச்சி தரவில்லை. 1967 ஜூனில் அமெரிக்காவின் மான்டரே விழாவில் அவர் வாசித்தார். அதே நாள் இரவு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையில் தன் கிதாருக்குத் தீ வைத்தார். வாத்தியத்தைக் கும்பிட்டு எடுக்கும் மரபில் வந்த ரவிசங்கர் அதைப் பற்றி வேதனையோடு பேசியிருக்கிறார். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச மக்களுக்காக அவரும் ஹாரிசனும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில், சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்ற பொருளில் அவர் சிரித்தபடி சொன்னார். அதில் கொஞ்சம் கிண்டலும் உண்டு, கொஞ்சம் வருத்தமும் உண்டு என்று எனக்குத் தோன்றும்.

வெள்ளைக்காரர்கள் சிதாரை எடுத்த கதை இது. எதிர்த் திசையில், சிதார்க்காரர் ஒருவர் அவர்கள் பாட்டை எடுத்த கதையும் உண்டு. அவர் ஆனந்த சங்கர். ரவிசங்கரின் அண்ணன், நாட்டியக் கலைஞர் உதயசங்கரின் மகன். 1942இல் அல்மோராவில் பிறந்தவர். உதயசங்கர் 1930இல் தன் குழுவோடு பாரிசுக்குப் போனபோது பத்து வயது ரவிசங்கரும் கூடவே போனார். அதே உதயசங்கர் பின்னாளில் தன் ஒரே படமான 'கல்பனா'வை எடுத்தது எங்கே? நம்ம சென்னை ஜெமினி ஸ்டூடியோவில்! 1948இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு கே. ராம்நாத். லலிதா, பத்மினி சகோதரிகள் ஆடியிருப்பார்கள். ஆனந்த சங்கர் அப்போது சிறு குழந்தை.

அந்தக் குழந்தை வளர்ந்து, காசியில் லால்மணி மிஸ்ராவிடம் சிதார் பயின்றது. சித்தப்பாவிடம் இல்லை, கவனியுங்கள். 1960களின் இறுதியில் அமெரிக்கா போனார். 1970இல் அவர் பெயரிலேயே ஓர் இசைத்தட்டு வந்தது. முதல் பாட்டே ரோலிங் ஸ்டோன்சின் 'ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ்'. பாடகர் பாட வேண்டிய இடத்தைச் சிதார் எடுத்துக்கொள்கிறது. டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' பாட்டும் உண்டு. சிதார், தபலாவுக்குப் பக்கத்தில் மூக் சின்தசைசர். அதே தட்டில் காந்தியடிகளின் பிரார்த்தனையில் ஒலித்த 'ரகுபதி'யும் இருக்கிறது. அந்தத் தட்டில் ரகுபதியும் ரோலிங் ஸ்டோன்சும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. 1975இல் அவர் போட்ட இன்னொரு தட்டை, 1990களில் இங்கிலாந்தின் இளைஞர்கள் தேடிப்பிடித்து நடன அரங்குகளில் ஆடினார்கள். 1999இல் ஆனந்த சங்கர் காலமானார்.

"அவர்கள் எல்லாம் வங்காளிகள், நம்மவர்கள் யாரும் இப்படிச் செய்யவில்லையே" என்று யாராவது நினைத்தால், இருநூறு ஆண்டு பின்னால் வாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835). மும்மூர்த்திகளில் ஒருவர். திருவாரூரில் பிறந்தவர். குடும்பம் சென்னை அருகே மணலியில் இருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்ட் வாத்தியம் கேட்டார் என்பார்கள். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகள் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், ஏறத்தாழ நாற்பது உண்டு. அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு வேறெதுவும் இல்லை, ஆங்கிலேய மன்னருக்கு வாழ்த்துப் பாடும் தேசிய கீதத்தின் மெட்டு! மன்னருக்குப் பாடிய மெட்டு அம்பாளுக்கு வந்துவிட்டது. இன்றைய பிள்ளைகள் மொழியில் சொன்னால் அது 'கவர்'. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா?

ஆர்மோனியம் கதையும் அப்படித்தான். 1842இல் பாரிசில் அலெக்சாண்டர் தெபேன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். காலால் மிதிக்கும் பெட்டியைக் கையால் துருத்தி போடும் பெட்டியாகக் கல்கத்தாவில் மாற்றினார்கள். அதை நம் நாடக மேடையும் பஜனை மடமும் சுவீகரித்துக்கொண்டன. 1940இல் அகில இந்திய வானொலி, அது அந்நிய வாத்தியம், கமகம் பேசாது என்று தடை விதித்தது. 1971இல்தான் தடையைத் தளர்த்தினார்கள். முப்பது ஆண்டு வானொலியில் ஒலிக்காத அந்தப் பெட்டி, தெருவில் ஒலிப்பதை நிறுத்தவே இல்லை.

வயலினும் ஆர்மோனியமும் பிறப்பால் நம்முடையவை ஆகவில்லை. யாரோ ஒருவர் துணிந்து எடுத்தார்; எடுத்ததோடு நிற்காமல் உட்கார்ந்து கற்றார்; அதனால் ஆயின. நாற்பது ஆண்டு பாடம் நடத்தியும் இதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாமல் போயிற்று. இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1987, ஆண்டு விழா. கலை நிகழ்ச்சிகளுக்கு நான் பொறுப்பு. இந்தப் பட்டறைக்காரன் அப்போது பதினோராம் வகுப்பு. இரவல் கிதார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு வந்து, "சார், ஒரு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கிறோம்" என்றான். மூன்று மாதம் கடற்கரையில் உட்கார்ந்து பழகியிருக்கிறான். நான் வாசித்துக் காட்டச் சொல்லக்கூட இல்லை. "இது நம்ம இசை இல்லை. அந்நியப் பெட்டியை எடுத்துகிட்டு மேடை ஏறாதே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று விழா எப்படித் தொடங்கியது தெரியுமா? தமிழ்த்தாய் வாழ்த்தோடு. கூட வாசித்தது ஆர்மோனியமும் வயலினும். பாரிசில் பிறந்த பெட்டியும் ஐரோப்பாவின் பிடிலும் மேடை மேலே. அந்நியப் பெட்டி என்று நான் துரத்திய பையன் மேடைக்குக் கீழே.

அவன் கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு தொடவில்லை. இதை அவன் என்னிடம் சொன்னதில்லை. அவன் மனைவிதான் அன்று டீ கொடுக்கும்போது சொன்னாள். மகளுக்கு எட்டு வயதானபோது, ஆசிரமத்துப் பக்கம் ஒரு வங்காள அம்மாவிடம் சிதார் வகுப்பில் சேர்த்திருக்கிறான். பட்டறையைப் பாதியில் விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு, வாரம் இரண்டு நாள் வகுப்பு வாசலில் காத்திருந்திருக்கிறான். ஒன்பது ஆண்டு. "ஏன்டா சிதார்?" என்று கேட்டேன். "அதை யாரும் நம்ம வாத்தியம் இல்லைன்னு சொல்ல மாட்டாங்கல்ல சார்" என்றான். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவன் சுபாவமே அப்படி இல்லை. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு டீ இறங்கவில்லை.

ஆகவே, மகளே, உன் கேள்விக்கு என் பதில். நீ செய்வது தப்பில்லை. அது ஸ்டோன்சின் பாட்டு, டெல்லியின் வாத்தியம், மிரஜ் ஊரின் மரவேலை, உன் ஒன்பது ஆண்டு உழைப்பு. கற்காமல் அலங்காரத்துக்கு ஒட்டவைத்தால்தான் கூத்து. உன் விரல் நுனியில் கம்பி அறுத்த கோட்டை நான் பார்த்தேன். நீ கற்றவள். தைரியமாக வாசி. பக்கத்துப் பட்டறைப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உன் அப்பாவுக்கு: தம்பி, 1987இல் நான் சொன்னது தவறு. வரலாறு தெரிந்த வாத்தியார் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதனால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை எழுதி முடித்து, போடுவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "விடுங்க சார், அந்தக் கிதார்ல ரெண்டு கம்பி ஏற்கனவே அறுந்துதான் இருந்துச்சு" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். "நாளைக்கு ரிகர்சலுக்கு வர்றீங்களா?" என்றான். வருகிறேன் என்றேன்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இப்படி உங்களில் யாரையாவது நான் மேடையிலிருந்து இறக்கியிருந்தால் கீழே எழுதுங்கள். பழைய விஷயம் என்று கூச்சப்பட வேண்டாம்; ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்